‘தூக்கிட்டு வந்துடுங்க’ என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்: அரசு அலுவலகங்களில் மாற்றுத்திறனாளிகள் கேட்டுப் பெற வேண்டியவை

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். வீட்டை அக்கா பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் சார் பதிவாளர் அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. கேட்டால், "நாலு பேர் பிடிச்சுத் தூக்கிட்டு வந்துடுங்க, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்கிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை. அரசு அலுவலகங்களில் இவரைப் போன்றவர்களுக்குச் சட்டப்படி என்ன வசதி உண்டு? கேட்டால் கிடைக்குமா?

பதில்:

தயவுசெய்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தோள்பட்டை தளர்ந்திருக்கும். அக்குளில் கை கொடுத்தோ, செயலிழந்த கையைப் பிடித்தோ தூக்கினால் மூட்டு நழுவிவிடக்கூடும். குறுகலான மாடிப்படியில் நாற்காலியோடு தூக்கும்போது ஒருவருக்குக் கை வழுக்கினாலும் போச்சு. அம்மா அந்த மாடி ஏற வேண்டிய அவசியமும் சட்டப்படி இல்லை.

பதிவுச் சட்டம் 1908, பிரிவு 38. உடல் நலிவால் ஆபத்தோ பெரும் சிரமமோ இல்லாமல் அலுவலகத்துக்கு வர முடியாத ஒருவரை நேரில் வரச் சொல்லக் கூடாது என்கிறது. அப்படிப்பட்டவரிடம் பதிவு அலுவலரே வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும், அல்லது தன் சார்பில் விசாரிப்பதற்கு ஒருவரை ஆணையராக நியமித்து அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்தே தீர வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற சட்டம் இது. பழைய ஆவண எழுத்தர்களுக்கு நன்றாகவே தெரியும், நீங்கள் கேட்காவிட்டால் பலர் சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பிரிவு 31-உம் பேசுகிறது. ஆனால் அதில் ‘தக்க காரணம் காட்டினால் அலுவலர் வரலாம்’ என்று அவருடைய முடிவுக்கு விட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்றால்தான் அது தேவைப்படும். பிரிவு 32-இன்படி எழுதிக் கொடுப்பவர் மட்டுமல்ல, எழுதி வாங்குபவரும் பத்திரத்தைத் தாக்கல் செய்யலாம். அதனால் அக்கா அலுவலகத்துக்குப் போய்த் தாக்கல் செய்யட்டும். ‘நான்தான் எழுதிக் கொடுத்தேன், மனப்பூர்வமாகக் கொடுத்தேன்’ என்று அம்மா ஒப்புக்கொள்ளும் விசாரணையை மட்டும் பிரிவு 38-இன் கீழ் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருத்துவச் சான்று ஒன்று கேட்பார்கள். வீட்டுக்கு வருவதற்கு அரசு நிர்ணயித்த கட்டணமும் உண்டு. அதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது இல்லாமல் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அலுவலர் கீழே இறங்கி வந்து, வாசலில் காரில் உட்கார்ந்திருப்பவரிடம் விசாரித்துவிட்டுப் போவதும் சில ஊர்களில் நடக்கிறது. சுலபமான வழிதான். ஆனால் தெருவில் போகிறவர் வருகிறவர் பார்க்க, சொந்த வீட்டைக் கொடுப்பதைப் பற்றிப் பதில் சொல்ல எல்லோருக்கும் மனசு ஒப்பாது. அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அலுவலர் கேள்வி கேட்கும்போது உங்களைப் பார்த்து அல்ல, அம்மாவைப் பார்த்துக் கேட்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறினால் ஒரு நிமிடம் பொறுத்துக் கேட்கச் சொல்லுங்கள். நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு அதைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் பேசுகிற பழக்கம் நம் அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. சொத்து விஷயத்தில் அது வெறும் மரியாதைக் குறைவோடு நிற்காது, பின்னாளில் ‘அம்மா சுயமாகச் சொல்லவில்லை’ என்று வழக்குப் போட இடம் கொடுத்துவிடும்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். உதவித்தொகை, இட ஒதுக்கீடு, பஸ் பாஸ் போன்றவற்றுக்குச் சான்றும் யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வேண்டும். பல திட்டங்களுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் உண்டு. ஆனால் கட்டடத்துக்குள் நுழையும் உரிமைக்கு அந்த 40 சதவீதக் கணக்கு கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நீண்டகாலக் குறைபாட்டால் மற்றவர்களைப் போலச் சமமாகப் பங்கேற்கத் தடை இருக்கும் எவரையும் மாற்றுத்திறனாளி என்கிறது. 40 சதவீதக்காரர்களை அதற்குள் ஒரு தனிப் பிரிவாகத்தான் வைத்திருக்கிறது. ‘கார்டு இருக்கா?’ என்று வாசலில் கேட்டு நிறுத்துவதற்கு அதில் இடமில்லை. அட்டைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள், அது வரும்வரை பத்திர வேலையை நிறுத்தி வைக்க வேண்டாம்.

இனி அந்தச் சட்டம் அலுவலகங்களுக்கு என்ன கடமை வைத்திருக்கிறது என்று பார்ப்போம். 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும், விதிகள் அறிவித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் வந்து போகும்படி மாற்றியாக வேண்டும் என்கிறது பிரிவு 45. விதிகள் வந்தது 2017 ஜூன் 15-இல். ஆக, 2022 ஜூனோடு கெடு முடிந்தது. தனித்தனியாகப் பரிசீலித்து மாநிலங்களுக்கு நீட்டிப்புக் கொடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதற்காக, உங்கள் ஊர் அலுவலகம் தானாகவே நீட்டிப்பு எடுத்துக்கொள்ள முடியாது. புதுக் கட்டடம் என்றால் பிரிவு 44. அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்கு அனுமதியே தரக் கூடாது, கட்டி முடித்த சான்றும் தரக் கூடாது. ‘இது வாடகைக் கட்டடம் சார், நாங்க என்ன பண்றது’ என்ற பதில் உங்களுக்கும் வரும். பொதுக் கட்டடம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும் அடங்கும். மாடியில் வாடகைக்கு எடுத்தது துறையின் முடிவு. அதன் சுமையை உங்கள் அம்மா சுமக்க வேண்டியதில்லை.

2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைபோல எழுதி வைத்திருந்த, அந்த 2017 விதிகளின் விதி 15(1), சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது என்று அதைச் செல்லாது என்று அறிவித்தது. தவிர்க்கவே முடியாத குறைந்தபட்சத் தரங்களைக் கட்டாய விதிகளாக மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ‘அதெல்லாம் கைடுலைன்தானே’ என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

நான் அரசுக் கட்டடங்களில் அணுகல் தணிக்கை செய்யும் குழுவோடு போய் வருகிறவன். ‘சாய்தளம் கட்டியாச்சு’ என்ற வரியைக் கோப்பில் பார்த்தால் நாங்கள் முதலில் எடுப்பது அளவு நாடாவைத்தான். ஒரு அடி உயரம் ஏற வேண்டுமென்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும், 1-க்கு 12 என்பதுதான் கணக்கு. வாசலில் மூன்று படி, மொத்தம் 45 சென்டிமீட்டர் உயரம் என்றால், சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வர வேண்டும். இரண்டு மீட்டருக்குள் சிமெண்டைப் பூசி முடித்திருப்பதைத்தான் பல இடங்களில் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம் மாதிரி இருக்கும். தானாகச் சக்கரத்தைத் தள்ளி ஏறுகிறவருக்கு நாற்காலி பின்பக்கமாகக் கவிழும், இன்னொருவர் தள்ளினாலும் இறக்கும்போது கட்டுப்படாது. மேலே பளபளப்பான கிரானைட் போட்டிருந்தால் மழை நாளில் யாருமே ஏற முடியாது. ஏறி முடிக்கும் இடத்தில் நாற்காலி நின்று திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம் தேவை, அங்கேதான் பூந்தொட்டி வைத்திருப்பார்கள். இருபுறமும் கைப்பிடி வேண்டும். ஊன்றுகோல் வைத்திருப்பவருக்கு அது இல்லாமல் சாய்தளம் பயன்படாது. அடிவாரத்தில் டூ வீலர் நிறுத்தாமல் இருக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை, வாசலில் இருக்கும் காவலரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் இந்த ஒன்றைத்தான் எங்குமே செய்யக் காணோம்.

கழிப்பறை இன்னும் மோசம். சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவு இருக்கும், பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று கேட்டுத் திறந்தால் உள்ளே உடைந்த நாற்காலி, பழைய கோப்பு மூட்டை, துடைப்பம். சரியாகக் கட்டியதிலும் கதவு உள்பக்கம் திறக்கும். நாற்காலி உள்ளே போய்விட்டால் கதவைச் சாத்த முடியாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் தள்ளும் கதவாக இருக்க வேண்டும். வழி 90 சென்டிமீட்டர் அகலம், இருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி மாறி உட்கார இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி, இவை குறைந்தபட்சம். இது கிடைக்காது என்று தெரிந்துதான், அலுவலகம் போகிற நாளில் பல பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எவ்வளவு ஆபத்து என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் கவுண்டர். நெஞ்சு உயரத்துக்குக் கட்டிய மேடை, மேலே கண்ணாடி, அதில் ஒரு சின்ன வட்ட ஓட்டை. நாற்காலியில் இருப்பவர் அண்ணாந்து கத்த வேண்டும், குள்ளமானவர்களுக்கும் அதே நிலைதான். ஒரு கவுண்டரையாவது 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில், முழங்கால் நுழைய அடியில் இடம் விட்டு அமைக்க வேண்டும். அது வரும்வரை, ஊழியர் ஒருவர் எழுந்து வெளியே வந்து மனுவை வாங்கலாமே. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பல மாவட்டங்களில் ஆட்சியரே கீழ்த்தளத்துக்கு வந்து மாற்றுத்திறனாளிகளிடம் மனு வாங்குகிறார். ஆட்சியர் இறங்கி வரும்போது மற்ற அலுவலர்கள் வர முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சக்கர நாற்காலியோடு விஷயம் முடிவதில்லை. காது கேளாதவர் போனால் ‘பேப்பரில் எழுதிக் காட்டுங்க’ என்பார்கள். பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, எழுத்துத் தமிழ் அவர்களுக்குப் பிறகு படித்த மொழி. அலுவலகத் தமிழில் ‘மேற்படி சொத்தைப் பொறுத்து’ என்று எழுதிக் காட்டினால் என்ன புரியும்? சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே மனுவில் கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அதன் நகலை அனுப்பினால் ஏற்பாடு செய்வது எளிது. டோக்கன் எண்ணை வாயால் மட்டும் கூப்பிடுகிற இடத்தில் காது கேளாதவர் மாலைவரை உட்கார்ந்திருப்பார். திரையில் மட்டும் காட்டுகிற இடத்தில் பார்வையற்றவருக்கு அதே கதி. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

பார்வையற்றவர்கள் பத்திரம் எழுதப் போனால் ‘கார்டியன் யாரு?’ என்று கேட்கிறார்கள். பார்வை இல்லை என்பதற்காகக் காப்பாளர் தேவையில்லை. சொத்து வாங்கவும் விற்கவும், தன் பண விவகாரங்களைத் தானே நடத்தவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 13 தெளிவாகச் சொல்கிறது. பத்திரத்தை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடலாம்.

இணையதளத்தில் வந்துவிட்டது, அதனால் நேரில் வர வேண்டாம் என்கிறார்கள். பாதி உண்மை. பட்டா மாறுதலுக்கு இன்று வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க முடிகிறது, அக்கா அதை இணையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துக்கொண்டு அரசாணை ஒன்றைத் திறந்து பார்க்கட்டும். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் அது வாய் திறக்காது. வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால் தமிழுக்குப் பதில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளைப் படிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து, படமாக்காமல் அப்படியே பதிவேற்றினால் போதும், இதற்கு ஒரு பைசா செலவில்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டும் இன்னும் பல அலுவலகங்கள் பழைய எழுத்துருவை விடவில்லை. 2025 ஏப்ரல் 30-இல் பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையவழிச் சேவைகளைப் பெறுவதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்டிக் காட்டு என்று கேட்கும் அடையாளச் சோதனையில், அமில வீச்சில் முகம் சிதைந்தவர்கள் மாட்டிக்கொண்டதிலிருந்து எழுந்த வழக்கு அது.

வேறு சில அலுவலகங்களிலும் இதேபோல வழி இருக்கிறது. விசாரணைக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால், மாற்றுத்திறனாளியை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லி போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 179 அப்படிச் சொல்கிறது. விரல் ரேகை பதியவில்லை என்றால் ஆதாரில் கருவிழி, முகம் என்று மாற்று முறைகள் உண்டு. ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றை இப்போது முக அடையாளம் மூலம் செல்போனிலேயே கொடுக்கலாம், தபால்காரர் வீட்டுக்கு வந்தும் செய்து தருகிறார். சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அலுவலகத்துக்கு வெளியே, நியாயமான தூரத்துக்குள் வேறோர் இடத்தில் திருமணத்தை நடத்திக்கொள்ளப் பிரிவு 12 இடம் தருகிறது. இப்படி இருந்தும் 2023-இல் மும்பையில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மணப்பெண்ணை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தது, நாடு முழுவதும் பேசப்பட்டது.

சரி, எப்படிக் கேட்பது? வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். எழுதிக் கொடுங்கள். ‘என் தாயாருக்குப் பக்கவாதத்தால் நடக்க இயலாது. தங்கள் அலுவலகம் முதல் மாடியில், மின்தூக்கி இல்லாமல் இயங்குகிறது. பதிவுச் சட்டம் பிரிவு 38(2)-இன்படி கீழ்க்கண்ட முகவரிக்கு வந்து விசாரிக்கும்படியும், அதற்கான நாளையும் நேரத்தையும் தெரிவிக்கும்படியும் வேண்டுகிறேன்’ என்ற அளவுக்கு இருந்தால் போதும். மனு அம்மா பெயரிலேயே இருக்கட்டும். கையெழுத்துப் போட முடியாவிட்டால் பெருவிரல் ரேகை வைக்கலாம். மருத்துவச் சான்றின் நகலை இணைத்து, தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அல்லது விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். கருணை காட்டச் சொல்லி எழுத வேண்டாம். என்ன தேவை, எந்தப் பிரிவு என்று நேராக எழுதினால் கோப்பு நகரும். பெரும்பாலான அலுவலர்கள் கெட்டவர்கள் இல்லை. பிரிவு எண்ணைப் பார்த்ததும் ‘மேலிடத்தில் கேட்டால் காட்ட ஆதாரம் இருக்கிறது’ என்ற தைரியம் அவர்களுக்கு வரும்.

அப்படியும் நடக்கவில்லை என்றால் மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், திங்கட்கிழமை மனுவிலும் கொடுக்கலாம். கட்டடத்தைப் பற்றிய புகாரைச் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தனியாக அனுப்புங்கள். சாய்தளம், படி, பூட்டிய கழிப்பறை எல்லாவற்றையும் படம் எடுத்து இணையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 80-இன்படி அவர் விசாரிப்பார், ஆளை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரமும் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தை அவருக்கும் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் என்று பிரிவு 89-இல் இருக்கிறது. ஒரு தகவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதே சட்டத்தின் பிரிவு 23 சொல்கிற குறைதீர் அலுவலர், வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளின் புகாருக்கானவர். வந்து போகும் பொதுமக்கள் அவரிடம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்துங்கள். இந்தக் கட்டடத்துக்கு அணுகல் தணிக்கை நடந்ததா, அறிக்கையின் நகல் எங்கே, என்ன நிதி ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். எழுத முடியாதவர் சொல்வதை எழுத்தில் கொண்டுவர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. பார்வை, செவிக் குறைபாடு உள்ளவர் ஆவணத்தைப் பார்க்கவும் அவர் உதவ வேண்டும், பிரிவு 7(4) அதற்குத்தான். நாங்கள் தணிக்கைக்குப் போன இடங்களில், இப்படி ஒரு கேள்வி போன பிறகுதான் கழிப்பறைப் பூட்டு திறந்த கதையும் உண்டு.

பத்திரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். அதனால் முதலில் மனுவைக் கொடுத்து, அலுவலர் வீட்டுக்கு வரும் நாளை உறுதி செய்துகொள்ளுங்கள், அதன்பின் அம்மாவிடம் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கு இரண்டு சாட்சிகளும் வீட்டில் இருக்கட்டும். அம்மாவின் மூல அடையாள அட்டை, மூலப் பத்திரம், கட்டண ரசீது எல்லாம் கையோடு இருக்கட்டும். மதியத்துக்கு மேல் அம்மா சோர்ந்துவிடுவார் என்றால் காலை நேரம் வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.